மழைக்கு அசையாத மயில்

எங்கள் அம்மா மல்லசமுத்திரத்தை அடுத்த ஒரு தோட்டத்து வீட்டில் பிறந்தவர். வாழ்க்கைப்பட்டு வந்தது சேந்தமங்கலம். கொல்லிமலை மேகம் இறங்கினால் அடுப்படியில் உப்புகூடக் கசியும் ஊர் இது. இங்கே உட்கார்ந்து சர்க்கரைப் பாகில் பூவும் பறவையும் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். நாங்கள் வளர்ந்த பிறகு சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய் கேக் வகுப்பில் கற்றுக்கொண்டார். முதலில் செய்த ரோஜாக்கள் ஒரே மழையில் பிசுபிசுத்துப் போயின. அப்பா கேலி செய்தார். அம்மா விட்டுவிடுகிற ஆளா என்ன? இறுக மூடும் கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லி, அடியில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் துணியில் முடிந்து வைத்தார். காற்றிலுள்ள ஈரத்தைக் கல் குடித்துக்கொள்ளும். பொடிந்தால் புதுக்கல் மாற்றுவார்.

என் கல்யாணத்தை ஐப்பசியில் வைத்தார்கள். சீர்த் தட்டுகளுக்கு நடுவே தன் கையால் செய்த மயில் நிற்கும் என்று சம்பந்தி வீட்டாரிடம் அம்மா சொல்லிவிட்டார். அன்று பார்த்து விடாத மழை. மண்டபத்துத் தரையே வேர்த்திருந்தது. மயில் உருகினால் அம்மாவுக்கு எவ்வளவு தலைகுனிவு என்று நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் தங்கையான அத்தை, நல்லது செய்வதாக நினைத்துப் பெட்டியை ஏசி அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அம்மா வாசலை மறித்து நின்றார்.

“வேண்டாஞ் சாமி. சில்லுன்னு ஆனத வெளிய கொண்டாந்தா வேர்த்து ஊத்தீரும். மூடுன பெட்டி மூடுனபடியே இருக்கட்டும்.”

அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டே இறக்கி வைத்தார். மாலை வரவேற்பில் என் மாமியார் முன்னால் அம்மா மூடியைத் தூக்கினார். தோகையில் ஓர் இழைகூட வளையவில்லை. அத்தனை விளக்குகளும் அதில் மின்னின. அப்பப்பா, எனக்கு என்ன பெருமை! யார் செய்தது என்று மாமியார் கேட்டார். அம்மா வாய் திறக்குமுன் அத்தை முந்திக்கொண்டார்.

“எங்க அண்ணி செஞ்சதுங்க. மழையாவது, ஒண்ணாவது!”

மறுவீட்டு விருந்துக்கு வந்த மாமியார், இதைப் பராமரிக்க எங்களால் ஆகாது என்று மயிலை அம்மாவிடமே கொடுத்துவிட்டார். அதன்பிறகு சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் அடைமழையிலும் அம்மாவின் பறவைகள் போயின. ஒன்றுகூட உருகவில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபோதும், கல் பொடிந்துவிட்டதா என்றுதான் அப்பாவிடம் கேட்டார்.

அம்மாவைத் தாங்கிப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், கூடவே இருந்த அத்தை, வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டார், சொன்னதும் புதுக்கல் கொண்டுவந்து தருகிற சுண்ணாம்புக்காரர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த முதலாண்டு நினைவு நாளுக்கு வருகிற நீங்கள் கூடத்தில் அந்த மயிலைப் பார்க்கலாம். இந்த வருஷத்து மழையிலும் அது அசையவில்லை. கேலி செய்த அப்பாதான் இப்போது கல் மாற்றுகிறார். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். அம்மா நின்ற மாதிரியே அப்பா மறித்து நிற்பார்.