நனைந்த கயிறும் குதிரை வாயும்

எங்கள் மலைப்பக்கத்தில் முதன்முதலாகக் குதிரை வாங்கியவன் நான்தான். சந்தேகம் இருந்தால் நெல்லிவாசல் நாட்டு ஊர்களில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ரெண்டாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், புளியும் சாமையும் தலைச்சுமையாக இறக்கி விற்று, போளூர் ஜட்கா வண்டிக்காரர் ஒருவரிடம் பழுப்பு நிற மட்டக்குதிரை வாங்கி மலையேற்றினேன். இன்று வாசலில் ஜீப்புகள் நிற்கின்றன, அது வேறு. நான் எதற்கும் பயப்படாத ஆள் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு சரிதான், ஒரே ஒரு காலையைக் கழித்துவிட்டால்.

பலாப்பழக் காலம். என் மாமியார் பழம் இறக்கப் போய்ப் பாறையில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். ஊர் வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். ஒன்றிரண்டு நாளில் கை வீங்கி, விரல்கள் கறுத்து, உடம்பு அனலாகக் கொதித்தது. கட்டுப்போட்டவரே மிரண்டுபோய்விட்டார். "இதுக்கு மேல என்னால ஆவாது. கீழ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க. இல்லன்னா ஆளே தங்காது" என்றார். மழையில் ஜீப் மேலே வரவில்லை. என் குதிரைதான் கதி.

சாக்குகளை மடித்துப் போட்டு மாமியாரை உட்காரவைத்தோம். ஜுரத்தில் மயங்கிச் சரிந்துவிடக் கூடாதென்று இடுப்பில் கயிறு போட்டுக் குதிரையோடு சேர்த்தே கட்டினோம். அவர் பிள்ளை, அதாவது என் மச்சான், கடிவாளத்தை மாட்டினார். வாய் இரும்பைத் தாங்குகிற கன்னத்துத் தோல்வார் அறுந்து கிடந்ததால் அதற்குப் பதில் கத்தாழை நார்க்கயிறு போட்டு, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு முடிகிற மாதிரி இழுத்து முடிந்தார். எங்கள் ஆட்கள் மாடு பிடித்தே வளர்ந்தவர்கள். கயிறு தொளதொளத்தால் மாடு கைவிட்டுப் போகும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும்.

"கொஞ்சம் லேசா வுடு மச்சான்."

"நீ சும்மா இரு மாப்ள. மலையிறக்கம். இறுக்கமா இருந்தாத்தான் சொன்ன பேச்சு கேக்கும்."

விடிந்ததும் நான் முன்னால் கடிவாளத்தைப் பிடித்து நடக்க, மச்சான் பின்னால் வந்தார். கிளம்பும்போது குதிரை ஒழுங்காகத்தான் நடந்தது. தூறல் பிடித்ததும் தலையை உதற ஆரம்பித்தது. பாதி இறக்கத்தில் பாதை ஒடுங்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அடியில் ஓடும் ஓடையின் சத்தம் மட்டும் மேலே வரும். அங்கே வந்ததும் குதிரை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வழிந்த நுரையில் சிவப்பு.

"இழுத்துப் புடி மாப்ள!" பின்னாலிருந்து மச்சான் கத்தினார்.

இழுத்தேன். குதிரை பின்னால் நகர்ந்தது. பின்னங்கால் பட்டு ஒரு கல் பெயர்ந்து போனது. அது எங்கெங்கோ மோதிக்கொண்டே கீழே போகிற சத்தம் நிற்கவே இல்லை. மாமியாரை அவிழ்த்து இறக்கலாம் என்றால் குதிரையைத் தாண்டி வர மச்சானுக்கு இடமில்லை. நான் கடிவாளத்தை விட்டால் அது இன்னும் பின்வாங்கும். அது விழுந்தால் அதோடு கட்டிய அவரும் போவார். வீட்டில் அவர் மகள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

அப்போதுதான் வாயைக் கவனித்தேன். நார்க்கயிறு நனைய நனையச் சுருங்கி, இரும்பை மேலே மேலே தூக்கியிருந்தது. கடைவாய் ஓரம் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு கிழிந்திருந்தது. நான் இழுத்ததெல்லாம் அந்தக் கிழிசலில்தான்.

கயிறு வாயைக் கிழிக்கிறது என்று கத்தினேன். "உன் இடுப்புல கத்தி இருக்குது, அறுத்துடு!" என்றார் மச்சான்.

அறுத்தால் இரும்பு கழன்று விழும். பிறகு பிடிக்க என்ன இருக்கிறது? அவிழ்க்கத்தான் வேண்டும். ஊறிய முடிச்சு நகத்துக்கு மசியவில்லை. பல்லால் கடித்து அவிழ்க்கக் குதிரையின் கன்னத்தோடு என் கன்னத்தை வைத்தேன். ஜட்காக்காரருக்குக் கட்டைவிரல் பாதிதான் இருந்தது. அது எப்படிப் போனது என்று வாங்கும்போது நான் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து அது ஞாபகம் வந்தது.

மேலேயிருந்து ஈனக்குரலில் மாமியார், "இன்னா மாப்ள, பொண்டாட்டிய வுட்டுட்டு குதிரைக்கு முத்தம் குடுக்கிறீங்களா?" என்றார்.

சிரிக்க எனக்கு உயிர் இல்லை. முடிச்சு இளகியது. இரும்பு கீழே இறங்கியதும் குதிரை நாக்கைப் புரட்டி, எதையோ மென்று, என் கழுத்தில் சூடாக மூச்சு விட்டது. பின்வாங்குவது நின்றது.

முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே குதிரைக்குப் பல்லில்லாத இடம் ஒன்று உண்டு. இரும்பு அங்கேதான் கிடக்க வேண்டும். உதட்டோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழலாம், அதற்கு மேல் ஆகாது. எந்த வாத்தியாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நானே கண்டுபிடித்தேன். நனைந்தால் இன்னும் சுருங்கும் என்று கணக்குப்போட்டுத் தளர்த்தியே முடிந்தேன்.

அதற்கப்புறம்தான் பெரிய பயம். குதிரை ஒவ்வொரு முறை சறுக்கும்போதும் என் கை தானாக இழுக்கப் பார்த்தது. இழுத்தால் அந்தப் புண்ணில் படும், மறுபடி பின்வாங்கும். விரலை விரித்துக்கொண்டே இறங்கினேன்.

"புடிச்சிக்க மாப்ள, புடிச்சிக்க!"

"வாய மூடினு வா மச்சான்!"

அடிவாரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். மாமியாரின் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கப் போனேன். என் கை ஆடிய ஆட்டத்தில் முடிச்சைத் தொடவே முடியவில்லை. அவர் அதைப் பார்த்தார். "நீங்க உக்காருங்க மாப்ள. அவன் அவுக்கட்டும்" என்றார், கேலியே இல்லாமல்.

ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றிவிட்டார்கள். இரண்டு விரல் மட்டும் கடைசிவரை மடங்கவில்லை. எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது மச்சான்தான் பதில் சொன்னார். எனக்கு அப்போதும் பல் அடித்துக்கொண்டிருந்தது.