பின்னால் கூப்பிடாதவள்

எங்கள் ஊரிலிருந்து பாலக்கோட்டில் நான் வேலை செய்யும் கடைக்குப் பதினோரு கிலோமீட்டர். இருபத்தாறு வருஷமாகச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். மோட்டார் காயில் கட்டும் கடை அது. எரிந்துபோன கிணற்று மோட்டாரும் போர்வெல் மோட்டாரும் வரும். கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்போம். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் என் மகன், “இந்தக் காலத்துல யாருப்பா சைக்கிள்ல வேலைக்குப் போறாங்க?” என்று நச்சரிப்பான். அவனுடைய பைக்கை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நூறு அடி போவதற்குள் கேழ்வரகுக் காட்டுக்குள் நின்றேன். அதோடு சரி. எனக்குக் கோபம் அதிகம், நிதானம் குறைவு. என்னை மாதிரி ஆளுக்குச் சைக்கிள்தான் லாயக்கு என்று என் மனைவி சொல்வாள். சொல்வாள் என்று எழுதிவிட்டேன். சொன்னாள் என்றுதான் எழுத வேண்டும். அவள் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளியே கிளம்பிவிட்டால் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். ‘ஏங்க’ என்று ஒரு குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டால் போதும், போகிற காரியம் கெட்டுவிடும். தப்பித் தவறிக் கூப்பிட்டுவிட்டால், கிளம்பியவர் வீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். நாங்கள் வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள். சகுனம் பார்ப்பது தப்பு என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லும்போது எல்லோருக்கும் முன்னால் என் தலைதான் ஆடும். கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கும்போது யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் என் முகம்தான் முதலில் சுருங்கும். எதிர்வீட்டுக்காரர்கள் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பார்த்த சகுனத்தை நாங்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பார்த்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் இருக்கும். ஆடி மாதம். ஆடியில் பாலக்கோட்டுப் பக்கம் போகிறவனுக்குக் காற்று எதிர்த்து அடிக்கும். எழுந்து நின்று மிதித்தாலும் சைக்கிள் நகராது. சாயங்காலம் அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளி வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும். காலைக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டுமே என்று அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பினேன். பெடலில் கால் வைத்து நாலு மிதி மிதித்திருப்பேன்.

“ஏங்க! போசிய வுட்டுட்டுப் போறீங்களே!”

சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. திரும்பி வந்து போசியைப் பிடுங்கினேன். உட்காரவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. ஏரிக்கரை இறக்கத்தில் பிரேக் ஒயர் அறுந்து, கரைக்கல்லில் மோதி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. காயில் கட்டுகிறவனுக்கு மணிக்கட்டு இல்லையென்றால் என்ன இருக்கிறது? இரண்டு மாதம் வீட்டில் கிடந்தேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “இவ பின்னால கூப்பிட்ட நேரம், இப்படி ஆச்சு” என்று அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். அவள் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

பிரேக் ஒயர் பிரிந்து இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பத்து நாளாக, நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். அதை அன்றைக்கும் யாரிடமும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அவளிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டதே கிடையாது. ஆனால் என் மறதி என்னோடு கூடப் பிறந்தது. கண்ணாடியை மறப்பேன், டெஸ்டரை மறப்பேன், மாத்திரையை மறப்பேன். அவள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டிலிருந்து போகும் மண்ரோடு நேராகப் போகாது. களத்தைச் சுற்றி, கிணற்றைச் சுற்றி, அப்புறம்தான் தார்ரோட்டு வளைவில் ஏறும். பக்கத்துக் காட்டு வரப்பில் ஓடினால் அந்த வளைவுக்கு எனக்கு முன்னால் போய்விடலாம். முன்னால் வந்து நின்று சொன்னால் சகுனம் இல்லை. நான் வளைவில் ஏறும்போது புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சு வாங்க, மறந்த பொருளை நீட்டிக்கொண்டு அவள் எதிரே நிற்பாள்.

எல்லா மாதத்திலும் அப்படி நின்றிருக்கிறாள். ஐப்பசி மழையில் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேறோடு நின்றிருக்கிறாள். மார்கழிப் பனியில் ஆள் தெரியாமல் புடவை நிறம் மட்டும் தெரிய நின்றிருக்கிறாள். தையில் கொள்ளுக்கொடி காலைச் சுற்ற, பனித்தண்ணீரில் பாவாடை நனைந்து கனக்க வருவாள். சித்திரையில் எங்களுக்கு வேலை அதிகம். கிணறு வற்றி, போர்வெல்லில் தண்ணீர் இறங்கி, மோட்டார்கள் வரிசையாக எரியும். அந்த மாதத்தில் விடிந்ததும் கிளம்பிவிடுவேன். அப்போதும் செருப்பில்லாமல் ஓடி வந்து நிற்பாள். ஒருநாள் அவள் கையில் எதுவும் இல்லை.

“என்னத்த வுட்டேன்?”

“ஒண்ணும் இல்லீங்க. சாயந்தரம் நேரமா வாங்க. மாங்கா ஊறுகா போடோணும், அரிஞ்சு குடுங்க.”

“இதுக்கா இந்த ஓட்டம் ஓடி வந்த? பைத்தியமா உனக்கு?”

இருபது வருஷத்தில் அந்த வளைவில் நான் அவளிடம் சொன்னதெல்லாம் இந்த ரகம்தான். ஆனால் வளைவு நெருங்கும்போது என் கண் தானாக வரப்புப் பக்கம் போகும். அவள் வருகிற நாளில் பாலக்கோடு வரைக்கும் மிதிக்கிற சிரமம் தெரியாது. சந்தோஷமாக இருக்கும். அதை ஒருநாள் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. செல்போன் வந்த புதிதில் தொடங்கியது. கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் இரண்டு ரிங் விட்டுக் கட் செய்வேன். அவள் எடுக்கக் கூடாது. மணி அடித்தால் நான் விழாமல் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். எடுக்காமல் இருந்தால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். நான் வழியில் இருக்கும்போது அவள் எனக்குப் போன் செய்ய மாட்டாள். போனில் கூப்பிடுவதும் பின்னால் கூப்பிடுவதுதானே என்பாள். எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆகிவிட்ட பிறகும் நாங்கள் அந்த இரண்டு ரிங்கை விடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். பனி இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் டீ கொடுக்கும்போது டம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது.

“கை மரமரன்னு இருக்குங்க.”

“குளுருக்கு எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும். சுடுதண்ணில வெய்யி.”

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. சட்டைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். பெடலில் கால் வைத்த பிறகு பின்னால் கேட் கிறீச்சிட்டது. கேட்டது, நன்றாகக் கேட்டது. நான் திரும்பவில்லை. கிளம்பியவன் திரும்பிப் பார்ப்பதும் நல்லதில்லை என்பார்கள். வளைவில் வழக்கம்போல வேகத்தைக் குறைத்து வரப்பைப் பார்த்தேன். பனிதான் இருந்தது, ஆள் இல்லை. பரவாயில்லையே, இன்றைக்கு எதையும் மறக்கவில்லை போலிருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தார்ரோட்டில் கொள்ளு காயப் போட்டிருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறினால் காய் உடைந்து மணி பிரியும் என்பதற்காகப் போடுவது. சைக்கிளுக்கு அது வழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்குப் போய் இரண்டு ரிங் விட்டேன். அவள் எடுக்கவில்லை. நிம்மதியாகக் கம்பி சுற்ற உட்கார்ந்தேன்.

மதியம் எதிர்வீட்டுப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. கறிவேப்பிலை கேட்டு எங்கள் வீட்டுக்குப் போனவள், என் மனைவி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். கடை முதலாளி தன் பைக்கில் என்னைக் கொண்டுபோய் விட்டார். ஆம்புலன்ஸில் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளுடைய வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கையும் காலும் துணி மாதிரி தொங்கின. கண் மட்டும் என்னைத் தேடிப் பார்த்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “காலைல கை மரத்துப்போச்சுன்னு சொன்னாங்களா? அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம். மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கு. இப்ப நேரம் தாண்டிடுச்சு. பேச்சு வருமான்னு உறுதியா சொல்ல முடியாது” என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வார்டுக்கு வெளியே எதிர்வீட்டுப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“அண்ணா, நான் காலைல வாசல் தெளிச்சிட்டு இருந்தேன். அண்ணி கேட்டத் தொறந்து வெளிய வந்தாங்க. ஒரு கையால இன்னொரு கையப் புடிச்சிட்டு இருந்தாங்க. வாயத் தொறந்தாங்க. நீங்க பெடல்ல கால் வெச்சிட்டீங்க. அப்பிடியே மூடிக்கிட்டாங்க.”

“அப்பறம்?”

“வரப்புப் பக்கம் போனாங்க. நாலு எட்டு வெச்சாங்க, கால் இழுத்துச்சு. கல்லுல உக்காந்துட்டாங்க. என்ன அண்ணின்னு கேட்டேன், ஒண்ணுமில்லன்னு தலைய ஆட்டிட்டு செவுத்தப் புடிச்சிட்டே வூட்டுக்குள்ள போயிட்டாங்க. நான் உங்களக் கூப்பிட்டிருக்கலாங்க. நீங்க கெணத்துக்கிட்டதான் போயிட்டு இருந்தீங்க, கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும். கெளம்பின மனுசனப் பின்னால எப்பிடிக் கூப்பிடறதுன்னு…”

அவள் அழுதாள். நான் அழவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, கிணற்றுக்கும் கேட்டுக்கும் எத்தனை அடி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் போட்டால் கேட்கிற தூரம்தான். சாதாரணக் குரலே போதும்.

போனை எடுத்துப் பார்த்தேன். என் இரண்டு ரிங் அவள் காதில் விழுந்திருக்குமா, மணி அடித்தபோது தரையில் கிடந்தாளா என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பிரேக் ஒயரைப் பற்றி முதன்முதலாக அங்கேதான் வாயைத் திறந்தேன். சாமியாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அறுந்த ஒயரை அந்தக் காலத்தில் சைக்கிளிலிருந்து கழற்றி வைத்தது அவள்தானே, முன்பே பிரிந்து கிடந்த இழைகளைப் பார்த்திருப்பாள். எத்தனை வருஷமாகத் தெரியுமோ.

இப்போதும் சைக்கிளில்தான் போகிறேன். வேலையை விட முடியவில்லை. பகலில் எதிர்வீட்டுப் பெண் வந்து பார்த்துக்கொள்கிறாள். என் மனைவி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். வலது பக்கம் வரவேயில்லை. பேச்சில் மிஞ்சியது ‘ஆ’ என்கிற ஒரே சத்தம். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், மகன் வந்தால் சந்தோஷத்துக்கும் அதுதான். சில நேரம் அவள் நினைக்காமலே வாயிலிருந்து வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் வெட்கப்படுவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். “கூப்பிடு புள்ள. நான் கெளம்பிட்டாலும் கூப்பிடு. எத்தன வாட்டி வேணா கூப்பிடு, எறங்கி வரேன்” என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பேன். ஒருநாளும் சத்தம் வந்ததில்லை. என்மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கோபமாக இருந்தால் நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

இந்த ஆடியில் ஒருநாள், கிணற்றைத் தாண்டும்போது காற்று எதிர்த்து அடித்துச் சைக்கிள் நின்றேவிட்டது. காலை ஊன்றினேன். என்ன தோன்றியதோ, திரும்பிப் பார்த்தேன். அவள் நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கையால் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தாள். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவள் காலடியில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். கன்னத்தில் விரல்கள் பதிந்த தடம் இருந்தது.

“தெனமும் இப்பிடித்தான் பொத்திக்கறியா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அப்புறம் கையை என் பிடியிலிருந்து உருவி, நேரமாகிறது போங்கள் என்று ரோட்டைக் காட்டினாள். நான் சைக்கிளை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனேன். வளைவில் அவள் மறைகிற வரைக்கும் அந்தக் கை வாயை விட்டு இறங்கவில்லை.