பனிக்கட்டிக்குக் கீழே ஒரு பிடி சோறு

என் தம்பியின் குளத்து மீன்களைக் கொன்றவன் நான். அவன் மனைவி ரெஜினா இல்லை.

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். பொய்! இதோ சொல்லிவிட்டேன், குறையவில்லை. ஆனாலும் நீங்கள் மிச்சத்தையும் கேளுங்கள். என்னை நல்லவன் என்று நினைக்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நான் இருப்பது இந்தப் பனி நாட்டில், வோபர்னில், தம்பி குணத்தின் வீட்டுக்கு அடியில் உள்ள பேஸ்மென்றில். கலியாணம் கட்டவில்லை. என் வாய்க்கு யார் கட்டுவார்கள்? பிறம்ரனில் ஒரு வேர்ஹவுசில் பெட்டி ஏற்றி இறக்குகிறேன். சண்டை பிடிக்காமல் ஒரு கிழமை போனால் எனக்குக் காய்ச்சலோ என்று அங்கே கேட்பார்கள்.

குணம் என் மாதிரி இல்லை. பின்வளவில் இடுப்புக்கு மேலே ஆழமாகக் குளம் வெட்டி, கோய் மீன் வளர்த்தான். வெள்ளை, சிவப்பு, மஞ்சள்... முழங்கை நீளத்துக்கு வளர்ந்த மீன்கள். அதில் ஒன்று முழுக்க வெள்ளை. நெற்றியில் மட்டும் வட்டமாய் ஒரு சிவப்பு. ரெஜினா அதற்குப் பொட்டுக்காரி என்று பெயர் வைத்தாள்.

எங்கள் அம்மாவும் பொட்டோடுதான் போனா. ஐயாவுக்கு முதலே செத்துப்போனா.

முதல் மாரியில் குளம் மூடி உறைந்தபோது எல்லாம் செத்துவிடும் என்றுதான் நினைத்தேன். குணம் சிரித்தான்.

"மேலைதான் அண்ணை ஐஸ். அடியிலை உறையாது. அதுகள் அங்கை போய் நித்திரை கொள்ளுதுகள்."

"சாப்பாடு?"

"ஏப்ரல் வரைக்கும் ஒண்டும் குடுக்கக்கூடாது. குளிருக்கை அதுகளுக்குச் செமிக்காது. போட்டால் வயித்துக்கை கிடந்து அழுகும், தண்ணியும் பழுதாப்போம்."

"இவ்வளவு மாசம் தின்னாமல் ஒரு சீவன் கிடக்குமோ? உன்ரை கதை!"

"நீங்கள் விரதமெண்டு ஒரு நேரம் விட்டாலே வீடு அதிருது. அதுகள் சத்தம்போடாமல் விடுகுதுகள்."

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பனிக்கட்டியில் ஒரு ஓட்டை மட்டும் மூடாமல் இருக்கவேண்டும், கீழே சேரும் கெட்ட காற்று அதால் வெளியே போகும் என்றான். அதற்காக ஒரு ஹீற்றரை மிதக்கவிட்டிருந்தான். சோற்றுக் கோப்பை அளவுக்கு அது தண்ணீரைத் திறந்து வைத்திருக்கும். ஒருநாள் இரண்டுநாள் மூடினாலும் பயமில்லை என்றும் சொன்னான். இதை நான் மறக்கவில்லை. அவன்தான் பிறகு மறந்துபோனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பனியைக் கையால் தள்ளிவிட்டு, குப்புறப் படுத்து, கட்டியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. கீழே பச்சையும் கறுப்பும் கலந்த ஒரு வெளிச்சம். அதற்குள் அவை நின்றன... நீந்தவில்லை, சும்மா நின்றன. ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பக்கம் பார்த்து, யாரோ பாட்டுப் பாடி நித்திரையாக்கியது மாதிரி. செவுள் அசைகிறதா என்று பார்த்துப் பார்த்து என் மூச்சும் மெதுவானது. வாழ்க்கையில் எனக்குக் கோபமே இல்லாமல் இருந்த நேரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதையா கொன்றாய் என்று கேட்கிறீர்கள். ஓம். அதைத்தான்.

குணம் ரெஜினாவைக் கட்டும்போது ஞானஸ்நானம் எடுத்தான். எடுக்கட்டும். எனக்கு வந்த கோபம் வேறு. தை மாதம் அம்மாவின் திவசம் வந்தது. வந்து நில்லடா என்று கூப்பிட்டேன்.

"நான் அம்மாவுக்குச் சேர்ச்சிலை பூசை ஒப்புக்குடுத்திருக்கிறன் அண்ணை."

"அம்மாவுக்கு அது விளங்குமோடா?"

"உங்கடை காகத்துக்கு மட்டும் தமிழ் விளங்குமாக்கும்!" என்றுவிட்டு வேலைக்குப் போனான்.

திவசச் சமையலைச் செய்தது யார் தெரியுமா? ரெஜினா. எனக்குச் சமைக்கத் தெரியாது. மீன் மச்சம் படாத சட்டி ஒன்றைத் தனியாக எடுத்துவைத்து, முழுகிவிட்டு வந்து, சோறும் பருப்பும் வாழைக்காய்க் கறியும் வைத்துத் தந்தாள். கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு! படைத்துவிட்டுக் காகத்துக்கு வைக்க வெளியே போனேன்.

அந்தக் கிழமை குளிர் கொஞ்சம் விட்டிருந்தது. பனி உருகி, வளவெல்லாம் புகைபோலப் புகார் எழும்பி, வேலியும் தெரியவில்லை, பக்கத்து வீடும் தெரியவில்லை. காகமும் இல்லை. "கா, கா" என்று கூப்பிட்டேன். அந்த வெள்ளைக்குள் என் குரல் போன இடம் தெரியவில்லை. நிற்க நிற்க எனக்குக் கோபம் ஏறியது. இந்த வீட்டில் மீனுக்கு ஹீற்றர் இருக்கிறது, பெற்றவளுக்கு ஒரு பிடி சோறு வாங்க ஒரு வாய் இல்லையா!

போய் அந்த ஓட்டைக்குள் சோற்றைப் போட்டேன்.

தெரியாமல் போட்டேன் என்று சொல்லத்தான் ஆசை... இல்லை. தெரியும். அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் என் காதில் இருந்தது. அவன் சொன்னதாலேயே போட்டேன். நீ வைக்காத சோற்றை உன் மீன் தின்னட்டும் என்று போட்டேன்.

சோறு வெள்ளையாய்ப் பிரிந்து பிரிந்து கீழே போனது, பனி பெய்கிற மாதிரி. பிறகு அடியிலிருந்து ஒரு வெள்ளை மேலே வந்தது. அவசரமில்லாமல், நித்திரையில் நடப்பவர் மாதிரி. முதலில் அந்தச் சிவப்புத்தான் தெரிந்தது. பொட்டுக்காரி. அவள் வாயைத் திறந்தாள்... சோற்றை எடுத்தாள்... போய்விட்டாள்.

நான் ஈரப் பனியில் முழங்காலில் இருந்து அழுதேன். அம்மா வந்து வாங்கினா என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படி நினைக்காமல் இருக்க முடியவில்லை. என்ன மனம் இது!

உள்ளே வந்ததும் ரெஜினா கேட்டாள்.

"காகம் வந்ததே அண்ணை?"

"வந்தது."

"நல்லது. மாமி சந்தோசப்படுவா."

அதோடு நிறுத்தினேனா? சனிக்கிழமை விரதம் எனக்கு. சாப்பிட முதல் காகத்துக்குப் பிடி சோறு வைக்கவேண்டும். ரெஜினா ஒவ்வொரு சனியும் அதைத் தனியாக எடுத்து வைப்பாள். நான் கொண்டுபோய் ஓட்டைக்குள் போடுவேன். குளிர் திரும்பி வந்துவிட்டது. பொட்டுக்காரி பிறகு மேலே வரவேயில்லை. ஆனாலும் போட்டேன். கடைசிச் சனிகளில் அந்த ஓட்டையிலிருந்து புளித்த மணம் வந்தது. மணந்தது. போட்டேன்!

மாசியில் பெரிய பனி கொட்டியது. குணமும் நானும் வேலையில். காரை வெளியே எடுக்க ரெஜினா பனி தள்ளும் மெஷினைப் பிளக்கில் கொழுவினாள். வெளியே இருந்தது ஒரே பிளக். ஹீற்றரைக் கழற்றிவிட்டுத்தான் கொழுவினாள். திரும்ப ஹீற்றரைக் கொழுவ மறந்துபோனாள். அடுத்த நாள் நினைவு வந்து ஓடிப்போய்க் கொழுவினாள். ஓட்டை திரும்பத் திறந்தது. அவ்வளவுதான் அவள் செய்தது.

பங்குனியில் கட்டி கரைந்தது. மீன்கள் மேலே கிடந்தன, எல்லாம். வயிறு ஊதி, நிறம் வெளுத்து. பொட்டு மட்டும் வெளுக்கவில்லை.

குணம் கரையில் குந்தியிருந்தான். "எல்லாம் சரியாத்தானே செய்தன்... எல்லாம் சரியாத்தானே..." என்று அதையே சொன்னான். அப்போதுதான் ரெஜினா வாய் திறந்தாள்.

"நான்தான் குணம். ஒருநாள் பிளக்கைக் கழட்டிப்போட்டு மறந்துபோனன். சொல்லப் பயமாக் கிடந்தது."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். நான் அவள் பக்கத்தில் நின்றேன். ஒருநாள் மூடினால் மீன் சாகாது என்று நீதானேடா சொன்னாய்... இந்த ஒரு வசனம் போதும். ஊரெல்லாம் சண்டைக்கு இழுக்கிற இந்த வாய்க்கு அந்த ஒரு வசனம் வரவில்லை. வந்தது என்ன தெரியுமா?

"விடடா. பிழை வாறதுதானே. தெரியாமல் செய்துபோட்டாள்."

அவளை மன்னித்தேன்! நான்!

அவள் என்னை நன்றியோடு பார்த்தாள். அந்தப் பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பேன், சொல்லுங்கள்.

குளத்தின் அடியைத் துப்புரவாக்க நானே இறங்கினேன். "உங்களுக்கு ஏன் அண்ணை, குளிருது" என்று குணம் தடுத்தும் இறங்கினேன். பாசம் என்று நினைத்தான். அடியில் கூழாய்க் கிடந்த சோற்றை வேறு ஒருவர் கண்ணும் காணாமல் வாளி வாளியாய் அள்ளி, குப்பைப் பையில் கட்டினேன்.

குணம் அவளோடு கதைக்காமல் விட்டான். ஏசவில்லை, அடிக்கவில்லை. கதைக்கவில்லை, அவ்வளவுதான். மேலே இரண்டு பேர் நடக்கும் சத்தம் மட்டும் எனக்குக் கீழே கேட்கும். நடை இருக்கும், பேச்சு இருக்காது. தவக்காலம் அது. பெரிய வெள்ளிக்கு முதல் ரெஜினா பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

"மீனைப் பற்றியும் சொன்னன் அண்ணை. பங்குச் சுவாமிக்குச் சிரிப்பு வந்திட்டுது போல. அது பாவமில்லை பிள்ளை, மறதி எண்டார்."

"சரியாத்தானே சொல்லியிருக்கிறார்."

"எனக்கு அப்பிடி இல்லை அண்ணை. அதுகள் எங்களை நம்பி நித்திரை கொண்டதுகள்."

என் பாவத்தை அவள் போய் முழங்காலில் நின்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கும் மன்னிப்புக் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. அவள் தேநீர் ஊற்றித் தந்தாள். நான் குடித்தேன்.

ஏன் சொல்லவில்லை? தம்பி வெளியே போ என்பான் என்ற பயமா? போகலாம், பிக்கரிங்கில் ஒரு அறை எடுக்கலாம். அது இல்லை. நான் சொன்னால், அம்மாவுக்கு வைத்த சோறு நஞ்சாகிப்போகும். அந்தச் சோற்றைச் சமைத்ததும் அவள்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். இது உண்மையான காரணமா, தப்புவதற்கு நான் கண்டுபிடித்த சாட்டா? எனக்கே தெரியவில்லை... சாட்டுத்தான்.

இரண்டு வருசம் குளம் வெறுமையாய்க் கிடந்தது. போன கோடையில் குணம் புதிதாகச் சின்ன மீன்கள் வாங்கிவிட்டான். இப்போது மாரி. பனி கொட்டத் தொடங்கினால் ரெஜினா வேலையால் வந்த உடுப்போடு பின்வளவுக்குப் போகிறாள். சப்பாத்துக்குள் பனி போகப் போக நிற்கிறாள். பிளக்கைத் தொட்டுப் பார்க்கிறாள். சுடுதண்ணீர்ச் சட்டியை ஓட்டையின் விளிம்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கட்டியை உடைத்தால் மீனுக்கு அதிரும் என்று அறிந்து வைத்திருக்கிறாள். குணம் மேலே ரீவி பார்க்கிறான். அது அவளுடைய வேலை என்று ஆகிவிட்டது.

என் பேஸ்மென்ற் யன்னல் நிலத்தோடு ஒட்டியது. இன்று பின்னேரம் அதால் அவளுடைய கால்களைத்தான் கண்டேன். வெள்ளைக்குள் இரண்டு கறுப்புச் சப்பாத்துகள், அசையாமல். சொல்லிவிடுவோம் என்று எழும்பினேன். உண்மையாக எழும்பினேன்! யன்னலைத் தள்ளித் திறந்தேன். பனி முகத்தில் அடித்தது.

"பிள்ளை..."

அவள் குனிந்து பார்த்தாள். கண் இமையெல்லாம் பனி.

"என்ன அண்ணை? குளிர் உள்ளை போகுது. யன்னலைப் பூட்டுங்கோ, காய்ச்சல் வரப்போகுது."

பூட்டினேன்.