மிச்சம் அறுபத்திரண்டு சுற்று

தசைச் செல்லுக்குள் சர்க்கரை எப்படி நுழைகிறது என்பதை ஐந்து வருடம் படித்தவள் நான். செல்லின் உள்ளே சர்க்கரைக்கான கதவுகள் சும்மா கிடக்கும். மேலே வரவிடாமல் ஒரு புரதம் அவற்றுக்குப் பிரேக் போட்டு வைத்திருக்கும். இன்சுலின் வெளியே வந்து தட்டினால், சேதி கைமாறிக் கைமாறி உள்ளே போய், இன்னொரு புரதம் அந்தப் பிரேக்கைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். பிரேக் விட்டுப்போகும், கதவுகள் விளிம்புக்கு வரும், சர்க்கரை உள்ளே போகும். அந்தக் கட்டிப்பிடிப்புதான் என் ஆய்வேடு. இதைச் சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர்களை எல்லாம் ஓட வைத்திருக்கிறேன்.

அக்கா மட்டும் ஓடவில்லை. அவளுக்கு சுகர், தினமும் இன்சுலின் ஊசி. என் ஆய்வேடு இழுத்துக்கொண்டே போவதைப் பார்த்து, ஆடித் தபசுத் திருவிழாவுக்குள் கோமதியம்மன் பிராகாரத்தை நூற்றெட்டுத் தடவை சுற்றுவதாக எனக்காக நேர்ந்துகொண்டாள். கொடியேறிவிட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள்.

“அவ்வளவு நடக்கலாமாட்டி?” என்று சுற்றப் போவதற்கு முந்தின நாள் என்னிடம்தான் கேட்டாள்.

“நல்லா நடக்கலாம். நடந்தா இன்சுலின் இல்லாமலே தசை அந்தப் பிரேக்க விட்டுரும்” என்றேன், பெருமையாக.

மறுநாள் காலை வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டாள். வேண்டுதல் என்பதால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஊசியும் நடையும் சேர்ந்து பிரேக்கை விடுவிக்க, வயிறோ காலி; ரத்தத்தில் சர்க்கரை தரைதட்டத்தான் செய்யும். பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன். கூடப் பிறந்தவள் விஷயத்தில் மூளை வேலை செய்யவில்லை.

நாற்பத்தாறாவது சுற்று முடிந்ததும் அக்கா காரணமே இல்லாமல் என் மேல் எரிந்து விழுந்தாள். நானும் பதிலுக்குக் கத்தினேன். ஆடிக் காற்று அப்படி வீசுகிறது, அவள் ரவிக்கை மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை.

பின்னால் வந்துகொண்டிருந்த பெண்தான் கவனித்தார். பக்கத்து ஊரான பனவடலிசத்திரத்துக்காரர், அக்கா வயதுதான் இருக்கும். சட்டென்று அக்கா கையைப் பிடித்தார்.

“கை சில்லுன்னு கெடக்கு. இவங்களுக்கு சுகர் உண்டுமா? எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும்.”

அப்படியே உட்கார வைத்து, பையிலிருந்து குளுக்கோஸ் பவுடரை எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். நான் அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருடப் படிப்பில் ஒரு வரி உதவவில்லை. கால் மணி நேரம் கழித்துத்தான் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எதுக்குட்டி அழுவுத?”

அந்தக் குரல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்க இன்றும் பயமாக இருக்கிறது.

தெளிந்ததும் அவள் அழ ஆரம்பித்தாள். மிச்சம் அறுபத்திரண்டு சுற்று இருக்கிறதே, நேர்ந்தது பாதியில் நின்றால் என் படிப்பு என்ன ஆகும் என்று.

“நீங்க சாப்பிட்டுட்டு இங்கன இருங்க. மிச்சத்த நான் சுத்துதேன்” என்றார் அந்தப் பெண். நானும் எழுந்தேன். “நீ அக்கா பக்கத்துலயே இரி” என்று உட்கார வைத்துவிட்டார்.

தன் வேண்டுதலை முடித்துவிட்டு எங்களுடையதையும் சுற்றினார். எங்களைக் கடக்கும்போதெல்லாம் எத்தனை என்று விரலால் காட்டிச் சிரிப்பார். முடித்தபோது கால்கள் வீங்கியிருந்தன. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று, நாங்கள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டார்.

ஆய்வேடு அந்த வருடமே முடிந்தது. நன்றிப் பக்கத்தில் முதல் வரி அவருக்கு. அதை வாசித்துவிட்டு அக்கா சொன்னாள்:

“அவங்க என்ன வேண்டிக்கிட்டு வந்தாங்கன்னு நாம கேக்கவே இல்லயேட்டி.”

இந்த ஆடியில் ஊருக்குப் போய், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, நூற்றெட்டும் சுற்றினேன். எனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்ன கேட்டிருந்தாரோ அதைக் கொடுத்துவிடு தாயே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.