நீர்த்தெள்ளும் ஒரு போத்தல் கழிவு ஒயிலும்

சென்ற ஞாயிறு மாலை, இதே நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியிலிருந்து என் பத்திரிகைப் பத்தியின் வாசகி ஒருவர் அஜின்கோர்ட்டில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். பெயர் சிவமலர். தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை. கையில் இரண்டு ஜாம் போத்தல்கள், ஒரு சிறிய நுணுக்குக்காட்டி.

"அங்கிள், உங்கடை பத்தியை வாசிச்சுப்போட்டு, எங்கடை பின்வளவுக் குட்டைக்குள்ளை இவர், என்ரை மனுசன், ஒரு போத்தல் கழிவு ஒயில் ஊத்திப்போட்டார்."

போன மாதம் நான்தான் எழுதினேன் – தேங்கிய நீரில் கார் எஞ்சினின் கழிவு ஒயிலைச் சிறிது விடுங்கள், நுளம்பு ஒழியும் என்று. யாழ்ப்பாணத்தில் மலேரியாத் தடுப்புக்காரர் செய்ததைத்தானே சொன்னேன்? நானோ விலங்கியல் பட்டதாரி. இப்பத்தியில் எழுதிய எதையும் இதுவரை திருத்த நேர்ந்ததில்லை.

"நுளம்பு செத்ததோ?" என்றேன்.

"ஓம், செத்தது. மற்றதுகளும் சாகுது. பாருங்கோ."

முதற் போத்தல், பக்கத்து ஓடையில் அள்ளியது. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துப் பார்த்தேன்: ஒரு நீர்த்தெள்ளு – கடுகளவு உயிர், கண்ணாடி உடல். உள்ளே இதயம் படபடவென்று அடித்தது.

இரண்டாவது, குட்டை நீர். அங்கும் ஒரு நீர்த்தெள்ளு. ஒயில் படலத்தில் ஒட்டிச் சாய்ந்து கிடந்தது. ஒரு துடிப்பு... காத்திருந்தேன்... இன்னொரு துடிப்பு.

"இதுகள் பாசியைத் தின்னும், இதுகளை மீன்குஞ்சு தின்னும். மழை பெய்தால் குட்டை வழிஞ்சு ஓடைக்குத்தான் போகும், அங்கிள்."

எனக்குத் தெரியாத பாடமா? கல்லூரியில் இதை வரைந்து, பாகம் குறித்து, புள்ளி வாங்கியவன் நான்! ஒரு போத்தல் ஒயில் என்ன செய்துவிடும் என்று வாதிட வாயெடுத்தேன்.

தேநீரோடு வந்த என் மனைவி முந்திக்கொண்டார். "உவர் பிழை விடமாட்டார், பிள்ளை. உந்தத் தெள்ளுத்தான் பிழையாச் செத்திருக்கும்."

சிவமலர் சிரிக்கவில்லை. "படிச்ச மனுசன் எழுதினது எண்டுதான் இவர் ஊத்தினவர்."

அது சுட்டது. வந்து சொன்னவர் ஒருவர். ஊற்றிவிட்டுச் சொல்லாமல் இருப்பவர் எத்தனை பேரோ?

ஆகவே தெளிவாக எழுதுகிறேன்: என் ஆலோசனை தவறு. நீரில் ஒயில் விடாதீர்கள். விட்டவர்கள், மழைக்கு முன் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். துணியையும் மிச்ச ஒயிலையும் நகரசபை நச்சுக்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். சிவமலர் வீட்டுக் குட்டையில், திங்களன்று நானே ஒற்றினேன் – கழுத்துப்பட்டியோடு.

போன மாதப் பத்தியைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருப்பவர்கள், அதன்மேல் இதை ஒட்டுங்கள்.

இதுவும் அதே பட்டதாரி எழுதியதுதான்!