பூட்டியாச்சு

முபாரிஸ் காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, மிளகாய் மூட்டைகளோடு லொறியில் தம்புள்ளைக்குப் போனார். அஸர் தொழுகை நேரத்துக்கு மையித்தாக, உயிரற்ற உடலாகத் திரும்பி வந்தார். டிரைவரோடு கதைத்துக்கொண்டு போனவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். அதைக் கேட்ட மனைவி ஹஃபீலா வாயைத் திறக்கவில்லை. அழவும் இல்லை. பார்க்க வந்த பெண்களெல்லாம், "என்ன பொறுமை! அல்லாஹ் குடுத்த பொறுமை" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். அது பொறுமைதானா என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே ஏதோ ஒன்று நின்றுபோயிருந்தது.

கண்டக்குழியில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்து, இள வயதிலேயே கனமூலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். பிள்ளைகள் இல்லை. பல்ப் மாற்றுவதென்றாலும், கேஸ் சிலிண்டரைப் பொருத்துவதென்றாலும், "நீ விடு, நான் இருக்கன்தானே" என்பார் முபாரிஸ். அந்தச் சொல்லிலேயே அவளுடைய பாதி வாழ்க்கை ஓடிவிட்டது.

இப்போது இத்தாவில் இருக்கிறாள்; புருஷன் போனபின் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். துணைக்கு முபாரிஸின் அக்கா, கமீலா ராத்தா, புத்தளத்திலிருந்து வந்து தங்கியிருந்தாள். வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே கதைதான். "இத்தா முடிஞ்சதும் வீட்டப் பூட்டிட்டு எங்களோட வந்துரு."

அதற்கு ஹஃபீலா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த வீட்டை விட்டால் தனக்கென்று மிச்சம் ஒன்றுமில்லை என்று மட்டும் தெரிந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் குளியலறைப் பைப் ஒழுகத் தொடங்கியது. உப்புத் தண்ணீர் தின்ற பழைய பைப். முதலில் சொட்டியது, பிறகு நூல்போல ஓடியது. மோட்டர் போட்டு ஏற்றிய தண்ணீர்த் தாங்கி விடிவதற்குள் காலியானது.

"பாத்தியா?" என்றாள் கமீலா. "ஆம்புளயள உள்ளுக்கு எடுக்கேலா. ஒரு பைப்புக்கே இந்தப் பாடு. நான் போனாப் பொறகு நீ தனிய என்னத்தச் செய்வாய்?"

ஹஃபீலாவுக்குச் சுருக்கென்றது. "பைப் பாஸ் வெளியில நிண்டு சொல்லட்டும், மதினி. நான் கழட்டுறன்."

"நீயா?" கமீலா சிரித்தேவிட்டாள்.

பைப் வேலை செய்யும் தாஹிர் பாஸ் வந்தார். மதிலுக்கு வெளியே, தாங்கிக்குக் கீழே நின்றுகொண்டு, ஸ்பேனரையும் புது வாஷரையும் கமீலாவின் கையில் கொடுத்தனுப்பினார். "வால்வு இஞ்ச என்ட கையில இரிக்கி, தங்கச்சி. பயப்படாதீங்க, பைப் கடிக்காது" என்று சத்தம் போட்டார்.

பைப்பின் தலைப்பாகம் இலேசில் அசையவில்லை. ஹஃபீலா பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். நறுக்கென்று ஒரு சத்தம், கழன்று கையோடு வந்தது. பழைய வாஷர் உக்கிப்போய்க் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதியதை வைக்கப் போகும்போது, குழாயின் வாயில் கொஞ்சம் தண்ணீர் கசிவதைக் கண்டாள். சந்தேகம் வந்துவிட்டது.

"பூட்டியாச்சுத்தானே, பாஸ்?" என்று கத்தினாள்.

வால்வு மூடியிருக்கிறதுதானே என்று அவள் கேட்டாள். ஆனால் எங்கள் பக்கத்தில் மூடுவதும் பூட்டுவதுதான், கழற்றியதைத் திரும்பப் பொருத்துவதும் பூட்டுவதுதான். வேலையை முடித்துவிட்டாள் என்று பாஸ் விளங்கிக்கொண்டார்.

"ஆ, கெட்டிக்காரி!" என்றார். வால்வைத் திறந்தார்.

தண்ணீர் முகத்தில் அறைந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் தண்ணீர். மூச்சு நின்றுவிட்டது. வாஷர் எங்கேயோ பறந்தது. அடுத்த நொடி ஹஃபீலா கத்தினாள். அப்படி ஒரு சத்தம் தனக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது. கதவடியில் நின்ற கமீலா விறைத்துப்போனாள்.

பாஸ் வால்வை விட்டுவிட்டுப் பின்வாசலுக்கு ஓடிவந்தார். "என்ன தங்கச்சி? நான் வரட்டா?"

"வராதீங்க!" என்று கமீலா அலறினாள். "இத்தா! இத்தா!"

ஹஃபீலா உள்ளங்கையால் குழாயை அடைத்துப் பிடித்தாள். விரலிடுக்கால் நாலு பக்கமும் பீறிட்டது. "வால்வ மூடுங்க! மூடுங்க பாஸ்!"

அவர் திரும்பி ஓடினார். தண்ணீர் நின்றது. அவளுடைய சத்தம் நிற்கவில்லை. தம்புள்ளைக்குப் போனவரின் பெயரைச் சொல்லி, ஈர நிலத்தில் குந்தியிருந்து, ஏங்கி ஏங்கி அழுதாள். "நான் இருக்கன்தானே எண்டு சொன்னீங்களே!"

தம்பி மௌத்தான அன்று வராத அழுகை, ஒரு பைப்பைக் கழற்றப்போய் வந்திருக்கிறது. கமீலாவும் பக்கத்தில், அந்த ஈரத்திலேயே, தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு வெளியே ஒரு செருமல் கேட்டது.

"தங்கச்சி… பூட்டியாச்சா?"

ஹஃபீலா மூக்கைத் துடைத்தாள். "எதக் கேக்குறீங்க, பாஸ்?"

கமீலா அழுகைக்கு நடுவில் குபீரென்று சிரித்தாள்.

வாஷர் தண்ணீர் போகும் ஓட்டையின் ஓரத்தில் கிடந்தது. ஹஃபீலா அதைக் கழுவி வைத்து, தலைப்பாகத்தைப் பொருத்தி, கை வலிக்கும்வரை இறுக்கினாள். "இப்ப தொறங்க. மெதுவா."

குழாய்க்குள் காற்று முனகியது. இருவரும் பைப்பின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. அடுத்தது வரவில்லை.

"மதினி."

"ம்?"

"இந்த வீட்ட நான் பூட்ட மாட்டன்."

கமீலா நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு எழுந்தாள். "முதல்ல உடுப்ப மாத்து, புள்ள. தடிமன் புடிக்கப்போகுது."