இருமுகிற ஆடுகள்

1. முதல் நாள்

நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு இருபது வருஷம் சர்வே வேலை பார்த்தவள் நான். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் பத்து நிமிஷத்தில் ஃபாரத்தை நிரப்பிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரை இறக்கி வைத்தது கம்மாபுரம் பக்கத்து ஊர் ஒன்று. எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வர ஆரம்பித்திருந்த சமயம். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் யாருக்கு இருமல், யாருக்கு மூச்சிரைப்பு என்று கண்டறியும் ஆய்வு அது. வெளியூர் டாக்டர் ஒருவர் தலைமை. நான் ஃபீல்டு சூப்பர்வைசர். வாடகை ஜீப்பில் போய் இறங்கினேன். முதல் வீடு தனத்தின் வீடு. குடும்பத் தலைவர் பெயர், வீட்டு எண், எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறார்கள், நிலம் எவ்வளவு என்று முதல் பக்கத்தை முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தேன்.

"வீட்ல யாருக்காவது இருமல் இருக்காம்மா?"

"இல்லீங்க மேடம். எல்லாரும் கல்லாட்டம் இருக்கோம்."

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே ஒரு இருமல். நெஞ்சைப் பிளக்கிற மாதிரி நீளமாக.

"யாரோ இருமுறாங்களே?"

"அது ஆடுங்க மேடம். ரெண்டு நாளா இருமிகினு கெடக்குது."

ஆட்டுக்கும் இருமல் வரும்தான். ஆனால் இந்த ஆடு இருமி முடித்துவிட்டு, "தண்ணி குடு" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனத்தின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் அவ்வளவு பயந்திருந்தாள். 'இருமல்: இல்லை' என்று எழுதிக்கொண்டு எழுந்தேன்.

அன்றைக்குப் போன வீடுகளில் ஒன்றில்கூட நோயாளி கிடையாது. வீட்டுக்கு வீடு திடகாத்திரமான மகன்கள் மட்டும் இருந்தார்கள்.

2. என் முதல் பக்கம்

சாயங்காலம் டாக்டர் ஃபாரங்களைப் புரட்டினார். "இவ்வளவு ஆரோக்கியமான ஊரா?"

"ஊர் ஆரோக்கியமாத்தான் சார் இருக்கு. ஆடுங்கதான் பாவம்" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இதை இப்படியே எழுதினால் அந்த ஊரில் நோயே இல்லை என்று அச்சாகிவிடும். அப்புறம் யாரும் போய்க் கேட்கவும் மாட்டார்கள். உள்ளே தண்ணீர் கேட்ட அந்த மனுஷன் கணக்கிலேயே வரமாட்டார்.

மறுநாள் ஜீப்பும் வேண்டாம், ஃபாரமும் வேண்டாம் என்று டவுன் பஸ்ஸில் போனேன். தனம் மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே, களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் வேறு கதை பேசினோம். பிறகு அவளாகவே சொன்னாள்.

"மைன்ஸுக்கு நெலம் எடுக்கறவங்கன்னு நெனச்சிட்டோம்க்கா. அவங்களும் ஜீப்புல வந்து இதயேதான கேக்கறாங்க? நெலத்துக்குப் பதிலா வேல குடுத்தாங்கன்னா ஒடம்பு நல்லா இருக்கணும்ல? எங்க வூட்டுக்காரரு மைன்ஸுல காண்ட்ராக்ட்டு வேலைக்குப் போய்கினு இருக்காரு. இருமல்னு எழுதிட்டா கேட் பாஸு போயிடுமேன்னு பயம்."

அந்த முதல் பக்கத்தைத் தயார் செய்தது வேறு யாருமில்லை, நான்தான். பழைய சர்வே ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

3. தண்ணீர்த் தொட்டி அடியில்

டாக்டர் பெரிய மனுஷன். நிரப்பின ஃபாரங்களை ஓரங்கட்டிவிட்டு ஊர்க் கூட்டத்துக்கு வந்தார். "எப்படிக் கேட்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். முதலில் எழுந்தது தனம்.

"இந்தப் பேப்பரு இங்கேருந்து எங்க போவும்?"

அத்தனை வருஷத்தில் அதுவரை இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்க நான் நேரம் கொடுத்ததில்லை என்பதுதான் உண்மை. யார் யார் பார்ப்பார்கள், யார் பார்க்க முடியாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அதற்கப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

"பத்து மணிக்கு வந்தா எப்பிடி? நைட் ஷிஃப்ட் போனவன் தூங்குவான், ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போனவன் மைன்ஸ்ல இருப்பான். ஞாயித்துக்கெழம வாங்க."

"அடுப்புல என்னா எரிக்கறோம்னு கேக்கவே இல்லியே? முந்திரி வெறகுப் பொகையில நாங்களுந்தான் இருமறோம்."

இந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அங்கேயே சேர்த்துக்கொண்டோம். முதல் பக்கம் முழுசாகப் போயிற்று. பேருக்குப் பதில் நம்பர். அதையும் குடத்தில் போட்ட சீட்டிலிருந்து அவரவரே எடுத்துக்கொள்வது என்று முடிவானது. டாக்டர் மட்டும் தயங்கினார்.

"பேரில்லாம, நோய் இருக்கிறவங்கள நாங்க எப்படித் திரும்பத் தேடிக் கண்டுபிடிக்கிறது?"

"நீங்க தேட வேணாங்க. நம்பரு எங்க கையில இருக்குதுல்ல? நாங்க வர்றோம்" என்றாள் தனம்.

4. வந்தார்களா?

புது ஃபாரத்தோடு மறுபடி வீடு வீடாகப் போனோம். இந்தத் தடவை இருமினவர்கள் மனிதர்கள்தான். மேற்கொண்டு பரிசோதனை தேவைப்பட்ட நம்பர்களைப் பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதிவைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கேயே கேம்ப் போட்டோம்.

ஒன்பது மணிக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். பத்தாயிற்று, ஒருவரும் வரவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். பேரைத் திருட்டுத்தனமாகவாவது குறித்து வைத்திருக்கலாமே என்று என் புத்தி போனது.

அப்போது தனம் வந்தாள். பின்னால் துண்டால் வாயைப் பொத்தியபடி அவள் வீட்டுக்காரர். கசங்கிய சீட்டை என் மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, ஆட்ட ஓட்டியாந்துட்டேன்."

அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்களுக்குப் பின்னால் கேட்டைத் தாண்டி இன்னும் சிலர் கையில் சீட்டோடு வந்துகொண்டிருந்தார்கள்.

தனத்தின் வீட்டுக்காரருக்கு டி.பி., ஆரம்ப நிலை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக் குணமானார். கேட் பாஸும் போகவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாரைக் கேட்கப் போகிறீர்களோ, அவர்களிடம் ஃபாரத்தை அச்சடிப்பதற்கு முன்னாலேயே காட்டுங்கள். ஓய்வு பெறும்வரை நான் தயாரித்த எந்த ஃபாரத்திலும் முதல் பக்கத்தில் கேள்வியே இருக்காது. தனம் கேட்டதற்குப் பதில்தான் இருக்கும்: இந்தப் பேப்பர் எங்கே போகும் என்று.